பிடித்து வைத்த இரண்டு சீட்

ஊரில் பாதிப் பேரைக் கடல் தாண்டி அனுப்பிய மனுஷனுக்குச் சொந்தப் பெண்டாட்டியை அனுப்ப ஒரு வழி கிடைக்கவில்லை. கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அந்தப் பெண்டாட்டி கர்ட்டன்காரம்மாவுக்கு வந்தது. அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் எரிச்சல் இல்லை. மாதக்கணக்கில் ஊறி முற்றிப்போன எரிச்சல்.

அன்று காலை மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஏதோ ஓர் இணையப் பக்கம். இந்த ஊர் விமான நிலையம் ஒரு முனையில், மகள் இருக்கும் ஊர் விமான நிலையம் மறுமுனையில், நடுவில் கடல்மேல் வில்லாக வளைந்த ஒரு கோடு. கீழே இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் என்று தூரம். அதற்கும் கீழே கொட்டை எழுத்தில், பயண நேரம் பதினைந்து மணி. கூடவே மகள் ஒரு வரி எழுதியிருந்தாள்: "அம்மா, பதினஞ்சு மணி நேரம்தானாம். அப்பாகிட்ட காட்டு."

காட்டினாள். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த டிக்கெட்காரரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இந்தக் கோட்டைப் போட்டவன் மட்டும் என் கையில கிடைச்சான்..." என்று ஆரம்பித்தார். "இந்தக் கோட்டுல ஒரு விமானமும் பறக்கல. இது சும்மா தூரத்தை வேகத்தால வகுத்துப் போட்ட கணக்கு. நடுவுல இறங்கணும், ஏறணும், காத்துக்கிடக்கணும், பெட்டியைக் காணோம்னு அழணும். அதெல்லாம் யார் கணக்குல சேரும்? அவங்கப்பன் கணக்குலயா?"

"சரிங்க. உங்க கணக்குல எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது வழியைப் பொறுத்தது."

"எந்த வழி?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

இந்த ஒரு வார்த்தைதான் அவளுக்கு ஆகாது. தோசைக்கல்லாக இருந்தால் தூக்கி எறிந்திருப்பாள். கையில் இருந்தது மகளின் படம் உள்ள போன், அதனால் மேஜைமேல் மெதுவாக வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

டிக்கெட்காரரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கடைத்தெரு மூலையில், மருந்துக்கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவே அவருடைய கண்ணாடிக் கதவு. உள்ளே இரண்டு கம்ப்யூட்டர், ஒரு உலகப் படம், மேஜைமேல் இறக்கை ஒட்டவைத்த ஒரு பொம்மை விமானம். படிக்கப் போகிறவன், வேலைக்குப் போகிறவன், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள், எல்லாரும் அந்தக் கதவைத் திறந்து கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவு நேரம் ஆகும்?" கேட்டவுடனே அவருக்குக் கோபம் வரும். கேட்டவர் பயந்துபோய்ப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொள்வார். பிறகு உட்காரவைத்து எல்லாம் சொல்வார். எந்த நிலையத்தில் இறங்கினால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்தக் கழிவறை சுத்தம், எந்த வாசலுக்கு ரயிலில் போக வேண்டும், எந்த ஊரில் சோதனைக்காரன் பெல்ட்டைக் கழற்றச் சொல்வான், எல்லாம் விரல் நுனியில் இருந்தது. போய் வந்தவர்கள் சத்தியம் செய்வார்கள், அவர் சொன்னது அச்சு அசலாக அப்படியே இருந்தது என்று.

அவர் மட்டும் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. ஏன் என்று கேட்டால், கடையை யார் பார்ப்பது என்பார். கர்ட்டன்காரம்மா கல்யாணமான நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு, நம்பியும் தொலைத்திருந்தாள்.

அவளும் சும்மா நம்பவில்லை. அவளுடைய தொழிலும் அப்படிப்பட்டதுதான். கர்ட்டன் தைக்கிற கடையில் துணி வெட்டுகிறவள் அவள். வருகிறவர்கள் ஜன்னலின் அகலத்தைச் சொல்லிவிட்டு அந்த அளவுக்குத் துணி கேட்பார்கள். மடிப்பு விழ வேண்டுமானால் இரண்டு பங்கு துணி வேண்டும், மேலே மடக்க வேண்டும், கீழே மடக்க வேண்டும் என்றால், ஏதோ அவள் துணியைத் திருடுவதுபோலப் பார்ப்பார்கள். அளந்த அளவே துணி வாங்கிக்கொண்டு போய், பலகைபோல விறைப்பாகத் தொங்கவிட்டு, திரும்பி வந்து சண்டை போடுவார்கள். அதனால் கோட்டில் பதினைந்து மணி நேரம் என்றால் நிஜத்தில் அதற்கு இரண்டு பங்கு ஆகும் என்பது அவளுக்குப் புரியாத விஷயம் இல்லை. புருஷனுக்குப் பரிந்து எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறாள்.

ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை அவளால் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை.

அப்போது மகளுக்கு முதல் கர்ப்பம். ஐந்தாம் மாதத்தில் ஏதோ சரியில்லை என்று டாக்டர் படுக்கச் சொன்னார். மாப்பிள்ளை குளிர்சாதனக் கிடங்கில் வேலை பார்ப்பவர். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. நாள் முழுக்க மகள் தனியாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "அம்மா, வந்துடு" என்றாள். விசா கையில் இருந்தது. டிக்கெட்காரர் வழி பார்த்தார். இந்த வழியில் இறங்கி ஏற நேரம் போதாது, அந்த வழியில் ராத்திரி முழுக்க நாற்காலியில் கிடக்க வேண்டும், இன்னொன்றில் பெட்டி தொலையும். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மகள் திரும்பிய அன்று வீட்டில் யாருமே இல்லை, தானே சாவி போட்டுத் திறந்ததாகச் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகச் சொன்னாள். அந்தச் சாவிச் சத்தம் இன்றைக்கும் கர்ட்டன்காரம்மாவின் காதை விட்டுப் போகவில்லை. நான் போயிருந்தால் குழந்தை தங்கியிருக்கும் என்று அவள் சொல்லவில்லை. கதவைத் திறக்க ஆள் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

இப்போது மறுபடியும். இந்தத் தடவை எட்டாம் மாதம் வந்துவிட்டது. பிரசவத்துக்கு முன்னால் வந்து நிற்பேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். இருவருக்கும் விசா வந்தாயிற்று, பெட்டி கட்டிக் கட்டில் அடியில் வைத்தாயிற்று, குழந்தைக்குச் சின்னச் சின்ன மெத்தை உறை தைத்தாயிற்று. டிக்கெட் மட்டும் இல்லை.

"சீட் பிடிச்சு வெச்சிருக்கேன்" என்பார் ஒரு நாள். அந்தத் தொழிலில் அப்படி ஒரு வசதி உண்டு. பணம் கட்டாமல் பெயர் கொடுத்து ஒரு சீட்டைப் பிடித்து வைக்கலாம். சொன்ன கெடுவுக்குள் கட்டினால் டிக்கெட். கட்டாவிட்டால் சீட் தானாகக் கைநழுவிப் போய்விடும். டிக்கெட்காரர் வீட்டில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இது தெரியாதா? "அப்போ கட்டிடுங்க" என்பாள். "இதைவிட நல்லதா ஒண்ணு வருது, பொறு" என்பார். நாலு நாள் கழித்துக் கேட்டால் இன்னொரு சீட் பிடித்திருப்பார். அதற்கும் ஒரு நொட்டை. அவள் பொறுத்துப் பொறுத்து மண்டை காய்ந்து போனாள்.

படம் வந்த அன்று மத்தியானம் மாப்பிள்ளையே கூப்பிட்டார். அவர் சாதாரணமாகக் கூப்பிடுகிறவர் இல்லை.

"அத்தை, டாக்டர் முன்னாடியே ஆயிடலாம்னு சொல்றாங்க. எனக்கு அடுத்த வாரம் நைட் ஷிப்ட். மாத்திக் கேட்டேன், தரமாட்டேங்கறாங்க. அவ ஒண்ணும் கேக்கல. நான்தான் கேக்கறேன். எப்போ வருவீங்க?"

கர்ட்டன்காரம்மா கத்தரிக்கோலை வைத்தாள். பாதி வெட்டிய துணியை அப்படியே விட்டாள். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தோளில் தொங்கிய அளவு நாடாவைக்கூட எடுக்காமல் விறுவிறுவென்று கடைத்தெருவில் நடந்தாள்.

கண்ணாடிக் கதவைத் தள்ளியபோது டிக்கெட்காரர் இல்லை. அவரிடம் பத்து வருஷமாக வேலை பார்க்கும் கம்ப்யூட்டர்காரிதான் இருந்தாள். அவள் முகம் கர்ட்டன்காரம்மாவைக் கண்டதும் ஒரு மாதிரி ஆனது.

"அண்ணே பேங்க் போயிருக்காரு அண்ணி."

"இருக்கட்டும். எங்க ரெண்டு பேருக்கும் சீட் பிடிச்சிருக்காரே, அதுக்குப் பணம் கட்டு. இப்பவே கட்டு."

கம்ப்யூட்டர்காரி விரலைப் பிசைந்தாள். "அது காலையிலேயே போயிடுச்சு அண்ணி."

"போயிடுச்சுன்னா?"

"கெடு முடிஞ்சு போயிடுச்சு. நான் சொன்னேன், அண்ணே கட்டிடலாம்னு. பட்டன் வரைக்கும் போன கையை எடுத்துட்டாரு." கொஞ்சம் நிறுத்தி, இனி மறைத்து என்ன பயன் என்பதுபோலக் கொட்டிவிட்டாள். "ஒரு தடவை இல்ல அண்ணி. பிடிக்கறாரு, விடறாரு. பிடிக்கறாரு, விடறாரு. விமானக் கம்பெனியிலிருந்து எச்சரிக்கையே வந்துடுச்சு. சும்மா சும்மா சீட்டைப் பிடிச்சு விட்டா இந்த வசதியையே எடுத்துடுவோம்னு. எல்லாமே உங்க ரெண்டு பேர் பேருதான். நல்ல நல்ல வழியெல்லாம் போச்சு. அண்ணே வேற யாருக்கும் இப்படிப் பண்ணி நான் பாத்ததில்ல."

குட்டு வெளிப்பட்டது. கதவு திறந்து டிக்கெட்காரர் உள்ளே வந்தார். பின்னாலேயே பையோடு ஒரு வாடிக்கையாளர்.

"என்ன இந்த நேரத்துல?" என்றார் டிக்கெட்காரர்.

"நல்ல வழி பாத்தீங்களே, அதைப் பாக்கத்தான் வந்தேன்."

அவர் கம்ப்யூட்டர்காரியைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பூசி மெழுகப் பார்த்தார். "அந்த வழியில ஒரு சிக்கல் இருந்துது. நடு நிலையத்துல மாறறதுக்கு..."

"போதுங்க!" கடையே அதிர்ந்தது. "போன தடவையும் இதே கதைதான். சிக்கலாம் சிக்கல். ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் இல்லாத சிக்கல், நம்ம வீட்டுக்கு மட்டும் எங்கேயிருந்து வருது?"

டிக்கெட்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். பொம்மை விமானத்தை எடுத்து, ஒட்டவைத்த இறக்கையைத் தடவி, மறுபடி வைத்தார். அதன் மூக்கு தன்னைப் பார்க்காதபடி சுவர்ப்பக்கம் திருப்பினார். முப்பது வருஷமாகப் பார்க்காத ஒன்று பளிச்சென்று கண்ணில் பட்டது.

"உங்களுக்குப் பயமா?" என்று கேட்டாள். குரல் தானாக இறங்கியிருந்தது.

பையோடு வந்தவர் கிளம்பலாமா, இருக்கலாமா என்று தெரியாமல் உலகப் படத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"பணம் கட்டற பட்டன்மேல கையை வெச்சாலே உள்ள என்னவோ பண்ணுது" என்றார் டிக்கெட்காரர் கடைசியில். "மூச்சே வரமாட்டேங்குது. மத்தவங்களுக்கு அழுத்தறேன், ஒண்ணும் ஆகல."

"சரி, பயம்னா பயம். அது உங்களோட. என் சீட்டை எதுக்கு விட்டீங்க? எனக்கு மட்டும் ஒண்ணு போட்டிருக்கலாமே?"

"நீ மேல இருக்கற நேரம் பூரா நான் கீழ உக்காந்து என்ன பண்றது?"

வேறு நாளாக இருந்தால் அவள் இளகியிருப்பாள். அன்றைக்கு இளகவில்லை. பாவமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபமாக இருந்தது. இத்தனை நாளும் வாயைத் திறந்து இந்த ஒன்றைச் சொல்ல இந்த மனுஷனுக்கு என்ன கேடு? சொல்லியிருந்தால் அன்றைக்கே அவள் தனியாகப் போயிருப்பாள், மகளுக்குக் கதவைத் திறந்திருப்பாள்.

"நீங்க கீழயே இருங்க" என்றாள். கதவைத் தள்ளினாள். நேரே தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குள் நுழைந்தாள்.

எதிர்க்கடையும் டிக்கெட் கடைதான். அதன் முதலாளிக்குத் தெருவில் சிரிச்சமுகம் என்று பெயர். விமானம் ரத்தானாலும் சிரிப்பார், வாடிக்கையாளர் அழுதாலும் சிரிப்பார். டிக்கெட்காரருக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆயிற்று. டிக்கெட்காரர் பெண்டாட்டி தன் கடைப் படியேறி வந்ததைப் பார்த்துச் சிரிச்சமுகத்துக்கே சிரிப்பு நின்றுபோனது.

"எனக்கு ஒரு டிக்கெட் வேணும். நாளைக்கோ நாளன்னிக்கோ. எந்த வழியா இருந்தாலும் சரி."

"ரெண்டு இடத்துல மாறணும்மா. நடுவுல ரொம்ப நேரம் உக்காரணும். கேன்சல் பண்ணினா ஒத்தைக் காசு திரும்பாது..."

"போடுங்க."

எதிர்ப்பக்கம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டிக்கெட்காரர் நின்று பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த இரண்டு நாளும் வீட்டில் பேச்சு இல்லை. ஆனால் அந்தச் சிரிச்சமுகத்தின் டிக்கெட்டை அவர் திருட்டுத்தனமாக எடுத்துப் பார்த்திருக்கிறார். இரண்டாம் நிலையத்தில் எப்படி மாறுவது என்று அவர் கையெழுத்தில் பெட்டிமேல் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. கூட்டம் போகிற பக்கம் போகாதே, அவர்கள் ஊருக்குள் போகிறவர்கள். மாறிப் போகிறவர்களுக்கு மஞ்சள் பலகை. பெரிய கடிகாரத்துக்கு இடப்பக்கம் ஓடும் பாதை, ஏறி நின்றால் போதும். அதன் கடைசியில் ரயில். "எவ்வளவு பேசினாலும் திருந்தாத ஜென்மம்" என்று முணுமுணுத்துக்கொண்டே அதை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

போனாள். முதல் விமானத்தில் கால் நீட்ட இடமில்லை. இரண்டாம் நிலையத்தில் நாற்காலி நாற்காலியாக மாறி உட்கார்ந்தாள். வெளியே வெளிச்சம் வந்து, போய், மறுபடி வந்தது. பெரிய கடிகாரம் அவர் சொன்ன இடத்தில் அச்சு அசலாக இருந்தது. ஓடும் பாதைதான் ஓடவில்லை. கயிறு கட்டி ரிப்பேர் என்று எழுதியிருந்தது. கைப்பையைத் தூக்கிக்கொண்டு அந்த நீளம் முழுக்க நடந்தாள், நடந்துகொண்டே புருஷனை வாய் ஓயாமல் திட்டினாள். போனில் அவர் நொடிக்கொரு தரம் கேட்டார், எங்கே இருக்கே, எங்கே இருக்கே என்று. "பூமியிலதான் இருக்கேன், வைங்க" என்றாள்.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "நீ படு, நான் பூட்டிக்கறேன்" என்றாள் கர்ட்டன்காரம்மா. அந்த வீட்டின் சாவியை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் பார்த்தால் படுக்கையறை ஜன்னலுக்கு ஜன்னல் அளவே உள்ள துணி பலகைபோலத் தொங்கியது. அதைப் பார்த்தும் ஒரு மூச்சு கோபம் வந்தது.

அடுத்த வாரமே பிரசவம். மாப்பிள்ளை கிடங்கில் இருந்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது அவள்தான். பெண் குழந்தை. கைக்குள் அடங்குகிற அளவு, ஆனால் தொண்டை மட்டும் தாத்தாவுடையது.

போனில் டிக்கெட்காரருக்குக் காட்டினார்கள். அவர் மூக்கை உறிஞ்சினார், கண்ணாடியைத் துடைத்தார், பிறகு வழக்கம்போல ஆரம்பித்தார். குழந்தையோடு அங்கேயிருந்து இங்கே வர எந்த வழி தேவலை, எங்கே எவ்வளவு நேரம் ஆகும்.

"அப்பா" என்று மகள் நிறுத்தினாள். களைத்த குரல், ஆனால் அழுத்தமாக வந்தது. "எவ்வளவு நேரம் ஆகும்னு நான் கேக்கல. நீங்க எப்போ வர்றீங்க?"

அவர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "சீட் பிடிச்சு வெச்சிருக்கேன்" என்றார்.

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கர்ட்டன்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். இந்த ஆளிடம் இனி எதையும் எதிர்பார்ப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். மகளிடம் அப்படிச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கம்ப்யூட்டர்காரி கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

"அண்ணி, அண்ணே டிக்கெட் வாங்கிட்டாரு!"

"வாங்கினாரா, பிடிச்சாரா?"

"வாங்கிட்டாரு அண்ணி. இங்க இல்ல. எதிர்க்கடையில. அவரே தெருவைத் தாண்டிப் போய்ச் சிரிச்சமுகத்துக்கு முன்னாடி உக்காந்து பணத்தை எண்ணி வெச்சாரு. உங்களுக்குப் போட்ட அதே வழி. திரும்பாத டிக்கெட். ஏண்ணே, நம்ம கடையிலேயே போட்டிருக்கலாமேன்னு கேட்டேன். நம்ம கடையில போட்டா நான் விட்டுடுவேன்மா, அவன் விடமாட்டான்னாரு."

கர்ட்டன்காரம்மா தைத்துக்கொண்டிருந்த புதுக் கர்ட்டனை மடியில் போட்டு, ஊசியை அதில் குத்தி வைத்தாள். நல்ல வழியையெல்லாம் கை நழுவவிட்டுவிட்டு, இருப்பதிலேயே மட்டமான வழியைத் தேடி வாங்கியிருக்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது. எரிச்சலோடு அழுகையும் வந்தது.

அவர் கிளம்பிய பிறகு ஒரு செய்தியும் இல்லை. மறுநாள் மத்தியானம் போன் அடித்தது. எடுத்தால் பின்னால் ஒலிபெருக்கிச் சத்தம், பெட்டிகள் உருளுகிற சத்தம். நடுவில் டிக்கெட்காரரின் குரல், அடையாளமே தெரியாத அளவுக்குச் சின்னதாக.

"ரெண்டாவது நிலையத்துல இறங்கிட்டேன். ஒண்ணுமே புரியல. எல்லாம் மறந்துபோச்சு. எந்தப் பக்கம்?"

"கூட்டம் போற பக்கம் போகாதீங்க" என்றாள் அவள். குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "அவங்க ஊருக்குள்ள போறவங்க. மஞ்சள் பலகை தெரியுதா?"

"தெரியுது."

"அதைப் பிடிச்சுக்கிட்டே வாங்க. பெரிய கடிகாரம் வரும்."

"வந்துடுச்சு. இடப்பக்கம் ஓடும் பாதை..."

"அது ஓடாது, ரிப்பேர். உங்க தாளுல அது இல்ல. நடந்துதான் வரணும். ரொம்ப நீளம். நடுவுல ஒரு தூண் இருக்கு, அது பக்கத்துல உக்கார இடம் உண்டு. முடியலைன்னா உக்காந்துட்டு வாங்க."

நடக்கிற சத்தமும் மூச்சும் கேட்டன. அவள் போனை வைக்கவில்லை. தோளில் இருந்த குழந்தை சிணுங்கியது. நடை சட்டென்று நின்றது.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார் டிக்கெட்காரர்.

வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்வியைக் கேட்டவர்களையெல்லாம் குதறி எடுத்த மனுஷன். திருப்பிக் கொடுக்க அவளுக்கு நாக்கு நுனியில் ஆயிரம் இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை.

"பாதிக்கு மேல வந்துட்டீங்க" என்றாள். "நில்லாம வாங்க."